நேரே என்றால் எந்த நேரே?

சென்னை கிண்டி நட்சத்திர ஓட்டல்களில் ‘டிஜிட்டல் எதிர்காலம்’ பற்றிய கருத்தரங்குகளுக்குப் பஞ்சமே இல்லை. எதிர்காலம் எப்போதும் சரியான நேரத்துக்கு வந்துவிடும். அதைப் பற்றிப் பேச வேண்டியவர் மட்டும் கத்திப்பாரா மேம்பாலத்தில் மாட்டிக்கொண்டிருப்பார்.

“நேராகச் செல்லவும்” என்கிறது போன் மேப்பின் பெண் குரல். பாலத்தின் மேலே ஒரு நேர், கீழே ஒரு நேர். வட்டமாகச் சுற்றி வந்து மறுபடி அதே தூணைப் பார்ப்பது இன்னொரு வகை நேர்.

இத்தனைக்கும் நாட்டையே அளக்கப் புறப்பட்டது இந்தப் பக்கத்திலிருந்துதான். 1802 ஏப்ரலில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியோடு இறங்கினார். வெயிலில் சங்கிலி நீண்டுவிடுமே என்று அதை மரத்தொட்டிகளில் கிடத்தி, கூடாரம் போட்டு, வெப்பமானி வைத்து, சுமார் 12 கிலோமீட்டரை அளக்க 57 நாள் ஆனது. கோணங்களை அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியோ கப்பலோடு பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி, மொரீஷியஸ் போய்விட்டு வந்தது. ‘டெலிவரி தாமதம்’ என்று புகார் செய்ய அவருக்கு ஆப் கிடையாது, பாவம்!

கத்திப்பாரா மேம்பாலம் 2008இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. முன்னால் பாலம் வருகிறது என்று சொல்லும் வசதியை இந்திய நகரங்களுக்கு கூகுள் மேப் அறிவித்தது 2024 ஜூலையில்.

அந்தப் பதினாறு ஆண்டு இடைவெளியை நிரப்பியவர் காக்கிச் சட்டை போட்ட ஆட்டோ அண்ணன்: “அந்தப் பொண்ணு பேச்சைக் கேட்டு மேல ஏறினீங்கன்னா போரூர்ல போய்தான் டீ குடிக்கணும், சார்.”