அம்மாவுக்கு இடக் கை

கேள்வி: எங்கள் ஊர் சித்த வைத்தியர் அப்பாவுக்கு வலக் கையிலும் அம்மாவுக்கு இடக் கையிலும் நாடி பார்க்கிறார். சீன வைத்தியத்திலும் பெண்ணுக்குத் தனிக் கணக்கு உண்டா? (வாசகி, தேவதானம்)

பதில்: உண்டு, ஆனால் கை மாறிவிடும்! அங்கே ஆணுக்குத்தான் இடக் கை. பெண்ணுக்கு வலக் கை. பெண்ணுக்கு வைத்தியம் பார்ப்பது ஆணைவிடப் பத்து மடங்கு கடினம் என்று எழுதினார் 7-ஆம் நூற்றாண்டு மருத்துவர் சுன் சிமியாவ். பெண்ணின் ஆசையும் துயரமும் ஆழமானவையாம். ஆனாலும் தம் பெருநூலில் பெண்களுக்கான மருந்துகளையே முன்னால் வைத்தார். அதற்காக அவரை மன்னிக்கலாம். பிற்காலத்தில் பெரிய வீட்டுப் பெண்கள் திரைக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டினார்கள். வலி வயிற்றில், வைத்தியர் கண்டது மணிக்கட்டை!

தான் யுன்சியன் என்ற சீனப் பெண் வைத்தியரைத்தான் எனக்குப் பிடிக்கும். பாட்டியிடம் வைத்தியம் கற்ற இந்தப் பெண், தாம் பார்த்த 31 நோயாளிகளைப் பற்றி 1511-இல் புத்தகமே எழுதினார். அத்தனை பேரும் பெண்கள். அவர்களுடைய ஓயாத வேலையையும் மனக்கவலையையும் நோய்க் காரணமாக அதில் குறித்தார். பெண்ணிடம் பெண் கேட்டதால் வெளிவந்த விவரங்கள் அவை.

நம் பக்கத்திலும் அந்தத் திரை இருந்தது. ஆண் டாக்டரிடம் போக முடியாத பெண்களுக்காகவே 1885-இல் சென்னையில் கோஷா (பர்தா) ஆஸ்பத்திரி தொடங்க முன்னின்றார் டாக்டர் மேரி ஷார்லிப். இன்று திருவல்லிக்கேணியில் அது கஸ்தூர்பா காந்தி அரசு மருத்துவமனை.