புலமைப்பரிசில் தகப்பனார்

யாழ்ப்பாணத்திலே 5ஆம் தரத்தில் ஒரு பிள்ளையை வைத்திருக்கும் தகப்பனார் எதிர்ப்படுவாராயின், அவருடைய முகத்தைப் பார்ப்பதற்கு முன்பு சட்டைப்பையைப் பார்த்துக்கொள்வது உத்தமம். நான்காக மடிக்கப்பட்டு, மடிப்புகள் வியர்வையில் நைந்து, ஏதோ ஒரு வினாவைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டமிடப்பட்ட மாதிரி வினாத்தாள் ஒன்று அங்கிருந்து தலைநீட்டுமாயின், சங்கக்கடைக்கு அவசரமாகப் போவதாகச் சொல்லி விலகிவிடலாம். அப்படி விலகும் சாமர்த்தியம் இல்லாதவன், அவருடைய வேலிக்கு இப்பால் குடியிருப்பவன் ஆகிய என் போன்றவனுக்குத்தான் மோட்சமில்லை.

"அண்ணை, உங்கடை காலத்திலை இப்பிடியான கேள்வியள் இல்லை. இதை ஒருக்காச் செய்யுங்கோ பாப்பம்" என்று அவர் தொடங்கும்போது, அக்குரலிலே ஒலிப்பது சந்தேகம் கேட்கும் மாணாக்கனின் பணிவு என்று எண்ணுபவர்கள் ஏமாந்துபோவார்கள். விடையை அவர் முன்னமே தீர்மானித்துவிட்டார். விடைப்புத்தகம் வேறொன்றைச் சொல்கிறது. அந்தப் புத்தகத்துக்கு எதிராகச் சாட்சி திரட்டவே அவர் ஊரெல்லாம் அலைகிறார். தபாற்கந்தோரின் வரிசையிலும், சலூனில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டப்பட்டு அசைய முடியாமல் இருப்பவரிடத்திலும், கோயில் வீதியில் தேங்காய் உடைத்துவிட்டு நிமிர்பவரிடத்திலும் அவர் அந்தத் தாளை விரித்துக் காட்டி வாக்குமூலம் பெற்றதை நான் கண்ணாற் கண்டிருக்கிறேன்.

சென்ற வருஷம் எங்கள் ஒழுங்கையில் நிகழ்ந்த ஒரு செத்தவீட்டிலே, பந்தலின் கீழ் நாற்காலிகளில் அமர்ந்து, இறந்தவரின் குணவிசேஷங்களைத் தாழ்ந்த குரலில் நாங்கள் நினைவுகூர்ந்துகொண்டிருந்த வேளையில், இந்த அயல்வீட்டு நண்பர் என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சட்டைப்பையைத் துழாவலானார். கண்ணாடியிலே பார்க்கும்போது ஒரு கடிகாரம் 4.20 என்று காட்டுகிறதாம். உண்மையான நேரம் யாது? புத்தகம் 8.40 என்கிறது, தாம் 7.40 என்பதாக அவர் கூறினார். இளைப்பாறிய நில அளவையாளர் ஒருவர், தமது வாழ்நாளெல்லாம் கோணங்களோடு பழகியவர், இதில் அபிப்பிராய பேதத்துக்கே இடமில்லை என்று கம்பீரமாகத் தொடங்கி, சற்று நேரத்தில் மௌனமாகி, பின்பு தமது கைக்கடிகாரத்தைக் கழற்றி முட்களைத் திருகி, வாசலில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடிக்கு முன்பாகப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவருக்குப் பின்னால் மூவர் குனிந்தனர். ஒருவர் புத்தகத்தின் கட்சி. ஏனையோர் நண்பரின் கட்சி. உள்ளே சுண்ணம் இடித்துக்கொண்டிருந்த குருக்கள், வாயிலே பாட்டும் கையிலே உலக்கையுமாக இருந்தவர், ஓரிடத்தில் மூச்சு வாங்கும் சாக்கிலே வெளிப்புறமாகத் திரும்பி, "ஏழு நாப்பது" என்று சொல்லிவிட்டு மீண்டும் இடித்தார்.

தெய்வ சம்மதமே கிடைத்துவிட்ட பெருமிதத்தோடு நண்பர் வீடு திரும்பி, தோய்ந்து முடித்த ஈரத் தலையோடே மகனை அழைத்து வெற்றியை அறிவித்தார். அச்சிறுவன் கொப்பியிலிருந்து தலையை உயர்த்தாமலே, "அது அச்சுப் பிழையப்பா. ரீச்சர் போன கிழமையே திருத்திப்போட்டா" என்றான்.

அவரிடத்தில் வேறு பழக்கங்களும் உண்டு. மகனுக்கென்று வாங்கும் வல்லாரையைச் சம்பலாக்கித் தாமும் உண்கிறார். மற்றப் பிள்ளைகளின் புள்ளிகளை விசாரித்துத் தம் பிள்ளையின் புள்ளியை மறைக்கிறார். அயலிலே பரீட்சை எழுதும் பிள்ளைகள் யாவருடைய சுட்டெண்ணையும் மனனம் செய்திருக்கிறார். இவையெல்லாம் அந்த வர்க்கத்துக்குப் பொது.

விடியற்காலை ஐந்தரை மணி ரியூசனுக்கு அவர் மகனை ஏற்றிச் செல்லும் காட்சியைப் பார்க்கும்போது மாத்திரம் என் கோபம் சிறிது இளகிவிடும். சைக்கிளின் பின் கரியரில் அமர்ந்து அவருடைய முதுகிலே கன்னத்தை வைத்து அந்தப் பிள்ளை நித்திரை கொள்ளும். விழுந்துவிடாதபடி ஒரு கையைப் பின்னால் வளைத்து அவனை அணைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் சைக்கிளை ஓட்டி, ஒழுங்கையின் குழிகளை ஒவ்வொன்றாக விலக்கி அவர் போவார். இவ்வளவு அன்புள்ள மனிதர் அந்த நித்திரையை வீட்டுப் பாயிலேயே கொள்ளவிட்டால் என்ன என்று கேட்கத்தான் ஆளில்லை.

ஏனெனில் இந்தப் புலமைப்பரிசில் பரீட்சையால் இவருக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்றுமே இல்லை. ஸி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்து, மத்திய பாடசாலைகள் கிராமங்களை நோக்கிச் சென்றபோது, வசதியற்ற வீட்டில் பிறந்த கெட்டிக்காரப் பிள்ளை நல்லதொரு பாடசாலையை அடைவதற்குத் திறந்துவிடப்பட்ட வாசல் புலமைப்பரிசில். நண்பரின் புத்திரனோ பட்டினத்துப் பெரிய கல்லூரியின் ஆரம்பப் பிரிவிலேயே படிக்கிறான். புள்ளி என்னவாயினும் ஜனவரியில் அதே மதிலுக்குள்ளே 6ஆம் தரத்துக்குப் போய்விடுவான். உதவிப்பணமோ வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உரியது. இவர் வங்கியிலே உத்தியோகம் பார்ப்பவர். எஞ்சியிருப்பது கல்லூரி வாசலில் தொங்கும் பதாகையும், அதிலே தபால்முத்திரை அளவில் அச்சாகும் முகமும்தான். அதற்காக, பத்து வயதுப் பிள்ளை, முதலாம் பத்திரத்தின் 40 வினாக்களை ஒரு மணித்தியாலத்திலும் இரண்டாம் பத்திரத்தின் 60 வினாக்களை ஒன்றேகால் மணித்தியாலத்திலும் முடிக்கும் வித்தையைப் பழகுவதற்கென்று, ஆரம்பப் பாடசாலை வாழ்வின் கடைசி மாதங்களைப் பறிகொடுக்கிறான். பின்வளவிலே கிளித்தட்டுக்குக் கோடு கீறிவிட்டு, ஆள் போதாமல் மற்றச் சிறுவர்கள் இவன் வீட்டுப் படலையை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை, நகைச்சுவையாகவும் தோன்றவில்லை.

பரீட்சைக்குச் சில நாள் முன்னதாக, ரியூசன் வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் மாதிரி வினாத்தாள் விநியோகத்தையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்வது வழக்கம். பிள்ளைகள் இளைப்பாறட்டும் என்ற நோக்கத்தோடு பிறப்பிக்கப்படும் இந்தக் கட்டளையை நண்பர் ஊரடங்குச் சட்டம் போலவே பாவித்தார். தடை தொடங்கிய இரவு, விளக்கை அணைத்துவிட்டு, வேலியின் கிடுகை விலக்கி, "அண்ணை, முழிப்பே?" என்று கிசுகிசுத்தபடி அவர் நீட்டிய தாளிலே, நெருப்புக்குச்சிகளால் அமைந்த சதுரங்களின் படம் ஒன்று இருந்தது. உள்ளே பையன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அரசாங்கத்தின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவன் அந்த வீட்டில் அவன் ஒருவனே.

பெறுபேறு வெளிவந்த இரவில் அவர் ஒழுங்கையிலுள்ள பிள்ளைகள் அனைவருடைய புள்ளிகளையும் கைத்தொலைபேசியிலே பார்த்து முடித்த பின்னரே தம் மகனுடையதைப் பார்த்தார். மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைவு. அதாவது ஒரே ஒரு வினா. திருத்தியவர்கள் பிழைவிட்டுவிட்டார்கள் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. மீளாய்வுக்கான விண்ணப்பத்தைத் தம் கையாலேயே அழகிய எழுத்தில் நிரப்பி, அனுப்புமுன் ஒரு தரம் பார்த்துத் தரும்படி என்னிடம் கொண்டுவந்தார். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கையில், கூடவே வந்திருந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது என்ரை சுட்டெண் இல்லை" என்றான்.

அது எதிர்வீட்டுப் பெண்பிள்ளையுடையது. அவள் வெட்டுப்புள்ளிக்கு மேலே பதினொரு புள்ளி எடுத்திருந்தாள்.