குக்கர் விசிலும் குருகுலமும்: ஒரு விசாரணை

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே உட்கார்த்தி வைத்துப் படிப்பிக்கும் வழக்கத்தைக் குறித்து அறிஞர் பெருமக்கள் இதுகாறும் எழுதிக் குவித்திருப்பவற்றையெல்லாம் ஒருங்கே அடுக்கினால் ஒரு நடுத்தர வீட்டின் பரண் தாங்காது என்றபோதிலும், பாடம் நடந்துகொண்டிருக்கும் அதே முகூர்த்தத்தில் அடுப்பில் ஏறியிருக்கும் சாம்பாரை அடிபிடிக்காமல் கிளறிவிடுகிறவர் யார் என்ற ஆதாரமான வினாவை எழுப்பிய ஓர் ஆசிரியரேனும் அடியேன் கண்ணில் தட்டுப்படவில்லை. கல்வி சாஸ்திரம் என்னும் மாளிகை சமையலறை இல்லாமலே கட்டப்பட்டிருக்கிறது என்பதை நிரூபிப்பதே இவ்விசாரணையின் நோக்கமாகும்.

முதலில் அரசாங்கத்தின் நிலையைப் பார்த்துவிடலாம். 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வியை உரிமையாக்கியதேயன்றி, வீட்டுக் கல்வியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆகவே வீட்டில் படிக்கும் பிள்ளைகளில் பலர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாசலில் போய் நிற்கிறார்கள். அங்கே 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு நிகராக ஏ, பி, சி என்று மூன்று படிகளும், 14 வயது நிரம்பியவர்களுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சையும் உண்டு. வயது, பாடம், கட்டணம், பரீட்சை மாதம் அனைத்தையும் வகுத்த அதிகாரிகள் பத்துப்பாத்திரம் தேய்க்கும் வேளையை மட்டும் வகுக்காமல் விட்டார்கள்.

பூர்வாசாரியர்களின் சரித்திரத்தை நோக்கினால் இந்த மறதியின் காரணம் விளங்கும். 1762-இல் ‘எமீல்’ என்னும் பெருநூலை இயற்றி, ஒரே ஒரு பையனை ஒரே ஓர் ஆசிரியர் பிறந்தது முதல் கல்யாணம் வரை நிழல்போல் தொடர்ந்து வளர்க்கும் முறையை உலகுக்கு உபதேசித்த ரூஸோ, தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் பாரிஸ் அநாதை விடுதியில் சேர்ப்பித்துவிட்டதாகத் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார். அமைதியாக உட்கார்ந்து அவ்வளவு பெரிய நூல் எழுத அவருக்கு எப்படி அவகாசம் கிடைத்தது என்பதற்கு இதற்குமேல் பிரமாணம் வேண்டியதில்லை. 1886-இல் ‘வீட்டுக் கல்வி’ என்ற நூலை வெளியிட்ட ஆங்கில மாது சார்லட் மேசன், சிறு குழந்தைகளுக்குப் பாடம் இருபது நிமிஷத்துக்குமேல் நீளலாகாது என்று விதித்தார். விதி உத்தமமானது, நானும் ஒப்புகிறேன். ஆனால் அம்மையார் விவாகம் செய்துகொள்ளாதவர், எனவே எஞ்சிய நாற்பது நிமிஷத்தில் அந்தக் குழந்தை வீட்டை என்ன பாடு படுத்தும் என்பது அவருடைய அனுபவ எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது.

ஆயினும் இத்துறையில் முதன்மையான சான்று ஜேம்ஸ் மில் என்பவருடைய குடும்பமே. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலே 1817-இல் இந்தியாவின் சரித்திரத்தை எழுதி முடித்த இப்பெரியார், தம் மூத்த குமாரன் ஜான் ஸ்டூவர்ட்டுக்கு மூன்று வயதிலேயே கிரேக்க பாஷையை ஆரம்பித்துவைத்தார். அகராதிகளோ லத்தீன் வழியாகக் கிரேக்கத்துக்குப் பொருள் சொல்பவை. லத்தீன் அறியாத அந்தப் பிள்ளை, தகப்பனார் எழுதிக்கொண்டிருந்த மேஜையிலேயே எதிரே உட்கார்ந்து, தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அவரிடமே அர்த்தம் கேட்டான் என்றும், பொறுமையற்றவர் என்று பேர்பெற்ற அந்த மனிதர் அத்தனை குறுக்கீட்டையும் சகித்துக்கொண்டு சரித்திரத்தின் பல பாகங்களை எழுதினார் என்றும், மகன் பிற்காலத்தில் எழுதிய சுயசரிதம் வியக்கிறது. வியக்கத்தக்கதுதான். ஆனால் அந்த வீட்டில் குழந்தைகள் ஒன்பது பேர். அவர்களுடைய சட்டைகளைத் துவைத்தது யார், சூப்புக் காய்ச்சியது யார், மேஜையருகே தவழ வந்த கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பால் போனது யார்? 1873-இல் வெளியான அந்தச் சுயசரிதத்தில் தகப்பனார் பக்கத்துக்குப் பக்கம் காட்சி தருகிறார். தாயாரைப் பற்றியோ ஏறத்தாழப் பேச்சே கிடையாது.

நம்முடைய ரிஷிகள் இவ்விஷயத்தில் மேனாட்டாரைவிடத் தெளிவாக இருந்தார்கள். குருகுலத்தில் வீட்டுவேலை ஆசிரியருக்குப் பாரமாக இருந்ததில்லை, ஏனெனில் அதைச் சிஷ்யனே செய்தான். சாந்தோக்கிய உபநிஷத்தில், கல்வி வேண்டி வந்த சத்தியகாமனைக் கௌதமர் சேர்த்துக்கொண்டவுடன் செய்த முதல் காரியம், மெலிந்த நானூறு பசுக்களைப் பிரித்து அவனிடம் ஒப்படைத்ததுதான். அவை ஆயிரமாகப் பெருகாமல் திரும்பேன் என்று அவன் காட்டுக்குப் போய் வருஷக் கணக்கில் தங்கிவிட்டான். அங்கே அவனுக்குத் தத்துவத்தைக் கால் காலாக உபதேசித்தவை ஒரு காளையும், அக்கினியும், ஓர் அன்னமும், ஒரு நீர்ப்பறவையும். கொட்டில் காலியாயிற்று, வீட்டில் நிசப்தம் நிலவிற்று, பையனும் பாடம் கற்றான். உலகக் கல்விச் சரித்திரத்தில் இவ்வளவு சிக்கனமான ஏற்பாடு பிறிதொன்று இல்லை என்பேன். இக்கால இல்லக் கல்வியிலோ முறை தலைகீழாகிவிட்டது: சிஷ்யன் சாய்ந்து உட்கார்ந்திருக்க, குருவானவள் அவனுக்குத் தோசை வார்த்து, துணி துவைத்து, அவன் கழற்றியெறிந்த செருப்பையும் ஜோடி சேர்த்துவைத்துவிட்டுப் பிறகு பாடமும் சொல்கிறாள்.

இனிப் பிரத்தியக்ஷப் பிரமாணம். திருச்சியில் என் மகன் வீட்டின் சாய்வு நாற்காலியிலிருந்து, எவருக்கும் எவ்வித உதவியும் செய்யாமல், ஆய்வாளனுக்குரிய முழு நடுநிலையோடு நான் கவனித்தவையே இங்கே கூறப்படுகின்றன. இவ்வீட்டில் பாடவேளையை வகுப்பது கடிகாரமன்று, குக்கர். 1679-இல் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பையும் மிருதுவாக்கும் நீராவிப் பாத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்து, அது வெடிக்காதிருக்க ஒரு வால்வையும் பொருத்தியபோது, அந்த வால்வு ஒரு காலத்தில் பள்ளிக்கூட மணியாக உத்தியோகம் பார்க்கும் என்று கனவிலும் கருதியிருக்க மாட்டார். முதல் விசிலுக்குக் கணக்கு நோட்டைத் திறக்க வேண்டும். மூன்றாவது விசிலுக்குள் வாய்ப்பாடு முடிய வேண்டும். விசில் வராவிட்டால் பாடம் நின்றுபோய், வெயிட்டைத் தட்டிப் பார்ப்பதும், காஸ்கெட்டைக் கழுவி மாட்டுவதுமான செய்முறை வகுப்பு தானாகவே தொடங்கிவிடும். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், மூடி அழுத்தப்பட்டால் ஏறக்குறைய 120 டிகிரி வரை போகிறது என்பதை மூத்த பேரன் அப்படித்தான் அறிந்தான்.

என் மருமகள் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் அரைத்து, கிரைண்டரிலிருந்து மாவை வழித்துக்கொண்டிருக்கையில், புவியியல் புத்தகத்தின் பக்கத்தை முழங்கையால் புரட்டும் லாகவம் பரத சாஸ்திரத்தில்கூடச் சொல்லப்படாதது. ‘ஆறுகள்’ என்ற அத்தியாயத்தில் காவிரி கடலில் கலக்குமிடத்தில் காய்ந்த மாவு ஒட்டிக்கொண்டு ஒரு புதிய தீவே உண்டாகியிருக்கிறது. கீழ்வாய் இலக்கம் பயிற்றப்படுவதை ஒருநாள் செவியாரக் கேட்டேன்:

“அம்மா, கால்ல பாதி என்ன?”

“அரைக்கால். தட்டுல இருக்கிற தோசையைப் பிச்சுப் பாரு, தெரியும்.”

“அதுல பாதி?”

“வீசம். பிச்சியா?”

“தோசையைக் காணோம்மா. தம்பி தின்னுட்டான்.”

“சரி, இப்ப மீதி எவ்வளவு?”

“சட்னி.”

இதனால் பின்னப் பாடம் கெட்டதென்று சொல்வதற்கில்லை. கழித்தலும் உடன் சேர்ந்துகொண்டது என்றே கொள்ள வேண்டும்.

“சிஷ்யர்களையே மறுபடியும் வீட்டுவேலையில் ஏவிவிட்டால் சங்கடம் தீராதோ?” என்பது பூர்வபக்ஷம். அதைச் செய்தும் பார்த்தார்கள். ஒன்பது வயதுப் பையனிடம் கால் கிலோ சின்ன வெங்காயம் உரிக்கக் கொடுக்கப்பட்டது. அவன் மூன்றை உரித்தான், நாலாவதைக் கத்தியால் நறுக்கினான், கண் கலங்கினான், ஏன் கலங்குகிறது என்று கேட்டான். வெங்காயத்தின் செல் உடைந்ததும் உள்ளிருக்கும் கந்தகப் பொருள் ஆவியாக மாறிக் கண்ணை உறுத்துகிறது என்று தாயார் விளக்கி முடிப்பதற்குள் பருப்பு குழைந்து பாயசப் பதத்துக்கு வந்துவிட்டது. மிச்ச வெங்காயத்தை அவளே உரித்தாள். குழந்தையின் உதவி வேலையைக் குறைப்பதில்லை, பெருக்குகிறது என்னும் விதி இவ்வாறு ஸ்தாபிதமாகிறது.

அப்படியானால் கௌதமரின் முறை பலித்தது எங்ஙனம்? பசுவைக் கொடுத்ததல்ல அவருடைய மேதை. காட்டுக்கு அனுப்பினாரே, அங்கேதான் சூக்ஷுமம் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்குக் காடு இல்லையே என்று அஞ்ச வேண்டாம், மொட்டைமாடி இருக்கிறது. ஈரத்துணி வாளியையும் கிளிப்புக் கூடையையும் கொடுத்து மேலே அனுப்பிய பையன் நெடுநேரம் கழித்தே இறங்கிவருகிறான். அதற்குள் காகம் குச்சி பொறுக்குவதையும், தண்ணீர்த் தொட்டியின் மிதவை மேலேறி நீரை நிறுத்துவதையும், வேட்டியின் நிழல் சுவரிலிருந்து நகர்ந்து நகர்ந்து தரைக்கு வந்துவிடுவதையும் கற்றுக்கொண்டு வருகிறான். துணி பாதிதான் காய்ந்திருக்கிறது, கிளிப்பு ஒன்றிரண்டு கீழ்வீட்டாரின் கொல்லையில் கிடக்கின்றன; இருந்தாலும் கீழே ஒரு ரசம் முழுசாகக் கொதித்து இறங்கியிருக்கிறது.

மாலையில் வரும் தகப்பனாரின் ஸ்தானம் பள்ளி இன்ஸ்பெக்டருடையது. ஒரு நாட்டின் தலைநகரைக் கேட்பார், சரியான விடை வந்தால் திருப்தியடைவார், “டிபன் என்ன?” என்று அடுத்த வினாவைத் தொடுப்பார். உறவினர் எவரேனும் வந்தால் “ஸ்கூல் லீவா?” என்பார்கள், வருஷம் முழுவதும் லீவு விடும் பள்ளி எது என்று அவர்களுக்கு இன்னும் சந்தேகம் தோன்றவில்லை.

இரவில் சிங்க்கில் குவியும் பாத்திரங்கள் எந்தப் பாடத்தின்கீழ் அடங்கும் என்பதில் மட்டும் ஆசாரியர்களிடையே அபிப்பிராய பேதம் நீடிக்கிறது. செய்முறைப் பாடம் என்பது தாயாரின் கொள்கை; விருப்பப் பாடம் என்பது தகப்பனாரின் வாதம்; அது சிலபஸிலேயே இல்லை என்கிறான் மூத்த சிஷ்யன். இதில் என் கருத்தை எவரும் இதுவரை கேட்கவில்லை. கேட்காதிருக்கும் பொருட்டே நான் சாப்பிட்டுக் கை கழுவியதும் சீக்கிரமாகப் படுத்துவிடுகிறேன்.