மார்கழித் தைல விசாரம்

குளிர் என்றால் என்ன என்ற வினாவுக்கு வானிலை நிலையத்தார் டிகிரிக் கணக்கில் விடை சொல்வார்கள். ஸ்ரீரங்கத்து இல்லங்களிலோ, அலமாரியிலுள்ள தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துப் பார்த்து, சொட்டு விழாவிட்டால் குளிர் வந்துவிட்டதென்று நிர்ணயம் செய்வதே வழக்கம். இந்தப் பிரத்யக்ஷப் பிரமாணம் பிழைபட்டு நான் கண்டதில்லை. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸில் உறையும் பிரகிருதியுடையது. மார்கழி விடியற்காலையில் திருச்சிராப்பள்ளியின் உஷ்ணம் 20ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கம் அதனினும் ஒரு சால்வை அதிகம் குளிரும் என்பது இவ்வூரார் சித்தாந்தம்.

உறைந்த எண்ணெயை மீட்பதில் இரண்டு சம்பிரதாயங்கள் உள. புட்டியின் கழுத்தில் ஈர்க்குச்சியைச் செலுத்திக் குடைந்து, வெள்ளை மெழுகாய்ச் சுருண்டு வருவதை உள்ளங்கையில் வாங்கித் தேய்ப்போர், தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியின் மர்க்கட நியாயத்தார். புட்டியை முற்றத்து வெயிலில் வைத்துவிட்டு, மற்றதை ஆதித்தன் பார்த்துக்கொள்வான் என்று காபிக்குப் போய்விடுவோர், பூனைக்குட்டியின் மார்ஜார நியாயத்தார். ஸ்ரீரங்கம் எந்தப் பக்கம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

எதிர்வீட்டு மாமா மட்டும், தோப்புத் தேங்காயை ஆட்டியதில் சிக்கு வாடை ஏறி மீந்த ஒரு டின் எண்ணெயைத் தம் பழைய டீசல் அம்பாஸிடருக்கு வார்க்கத் துணிந்திராவிட்டால், இவ்விசாரம் புட்டியோடு நின்றிருக்கும். அவருக்குச் சப்தப் பிரமாணமும் இருந்தது. 1900ஆம் வருஷத்துப் பாரிஸ் கண்காட்சியில் ஓட்டோ கம்பெனியார் இயக்கிக் காட்டிய சிறு டீசல் இயந்திரம் கடலையெண்ணெயில் ஓடிற்று என்றும், அதைப் பார்த்தவர்களில் வெகு சிலரே அறிந்தார்கள் என்றும் ருடால்ப் டீசலே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவ்வளவு தூரம் போவானேன், திருச்சியிலிருந்து லால்குடிக்கும் கரூருக்கும் காட்டாமணக்கெண்ணெய் கலந்த டீசலில் ரயிலே ஓடியதுண்டு என்பார் மாமா. 2002 டிசம்பர் 31இல் டில்லி–அமிர்தசரஸ் சதாப்தியை இப்படி எண்ணெய் கலந்த டீசலில் ஓட்டிப் பார்த்தபோதும் கலந்தது நூற்றுக்கு 5 பங்குதான் என்பதும், அதுவும் ரசாயன முறையில் நீர்க்கச் செய்த எண்ணெயேயன்றிப் பச்சை எண்ணெயன்று என்பதும் அவர் காதில் ஏறவில்லை.

வைகுண்ட ஏகாதசியன்று விடிய 3 மணிக்கு, ஜங்ஷனில் இறங்கிய சம்பந்தியை அழைத்துவர மாமா சாவியைத் திருகினார். சொர்க்கவாசல் திறந்தது, வண்டியின் பில்டர் திறக்கவில்லை. பொழுது விடிந்து அதைக் கழற்றிய மெக்கானிக், உள்ளே வெண்ணெயாய் அப்பிக் கிடந்ததை விரலால் வழித்துப் பார்த்து, "இது வண்டியா, வாணலியா சார்?" என்று மட்டும் கேட்டார்.

காரணம் அநுமானத்தால் பெறப்படும். தேங்காயெண்ணெயில் நூற்றுக்குச் சுமார் 90 பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகள் வளைவில்லாதவை ஆதலால், ராப்பத்து வரிசையில் கைகட்டி நிற்கும் பக்தர்களைப்போல் ஒன்றோடொன்று நெருங்கிக் கெட்டிப்படுகின்றன. நல்லெண்ணெயின் சங்கிலிகளோ பெரும்பாலும் முழங்கையை மடித்து நிற்பவை. எவ்வளவு நெருக்கினாலும் சந்து விடும். திருச்சிக் குளிர் அவற்றை ஒன்றும் செய்யாது. அதற்காக, உறையாததெல்லாம் ஓடும் என்று கொள்வது அதிவியாப்தி. எந்தச் சமையலெண்ணெயும் டீசலைப்போல் பத்து மடங்கு பிசுக்குடையது. ஊசித்துளையில் புகையாய்ச் சிதறாமல் தாரையாய் விழுந்து கரியாய்ப் படியும். மேல்நாட்டுக் குளிர்ப் பிரதேசத்தார் இதற்காக வண்டியில் இரண்டு டாங்கி வைத்து, முதலில் டீசலில் கிளப்பி, என்ஜின் சூட்டிலேயே எண்ணெயை இளக்கி அதற்கு மாறி, நிறுத்துமுன் மறுபடி டீசலால் குழாயைக் கழுவிவிடுகிறார்கள். போஜனத்துக்கு முன்னும் பின்னும் நம்மவர் உள்ளங்கையில் ஜலம் வாங்கி ஆபோசனம் பண்ணுவது இதுவன்றி வேறென்ன?

இரண்டாவது டாங்கிக்கு மாமா இசைந்தார், மாமி இசையவில்லை. அம்பாஸிடர் டீசலிலேயே ஓடுகிறது. மீந்த முக்கால் டின் எண்ணெய் கொல்லை விளக்குக்கு உதவும். காலை 9 மணிக்குமேல், வெயிலில் இளகியபின், வேண்டுவோர் பாத்திரத்தோடு வரலாம்.