புகை இருந்தது, புகழ் இல்லை

1980களின் நடுவில் வடக்கு பிரான்சின் லீல் நகரத்துக்கு நான் போனதற்கு ஒரே காரணம், மாமா அங்கே இருந்தார். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, 'சொல்தா' என்னும் சிப்பாயாகவே ஓய்வுபெற்று அங்கே தங்கிவிட்டவர். "இங்க என்ன இருக்குன்னு வந்தே மாப்ளே? ரயிலேறி பாரீசுக்குப் போ" என்பதுதான் அவருடைய வரவேற்புரை.

இந்த ஒரு விஷயத்தில் ஊரே அவர் கட்சி. கரி படிந்த செங்கல் வீடுகள், விடிந்தும் விடியாத வானம், ஒன்றன்பின் ஒன்றாக மூடப்படும் மில்கள். ஊர்க்காரர்கள் பெருமையாகக் காட்டியது மெட்ரோ ரயிலை மட்டும்தான். 1983-ல் ஓடத் தொடங்கிய, ஓட்டுநர் இல்லாத ரயில். "பாரு, ஆளே இல்ல!" என்று மாமா வியந்தார். அதே வசனத்தை எந்த மில் வாசலில் நின்றும் சொல்லியிருக்கலாம்.

டிராமில் பக்கத்து ஊரான ரூபேவுக்குப் போனோம். கோட்டைபோல் கட்டிய மொத்-போசு பஞ்சாலை பூட்டிக் கிடந்தது. வீட்டில் குளியலறை இல்லாத தொழிலாளிகளையும் மனத்தில் வைத்து 1932-ல் திறந்த நீச்சல் குளத்தை, கட்டடம் பலவீனமாகிவிட்டது என்று 1985-ல் மூடிவிட்டார்கள். மாமா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அண்மையில் மறுபடி போனேன். மாமா காலமாகிவிட்டார். ஊரைச் சுற்றிக்காட்டும் பொறுப்பு இப்போது அவர் மகளுக்கு. அதிவேக ரயில் 1993-ல் வந்ததிலிருந்து பாரீசுக்கு ஒரு மணி நேரம்தான். வேடிக்கை என்னவென்றால், பாரீஸ்காரர்கள் அதே ரயிலில் இங்கே வருகிறார்கள். 2004-ல் லீல் ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகராகவும் இருந்துவிட்டது.

"அத்தான், அந்தச் சிம்னியைப் பாருங்க, எவ்வளவு அழகு!" என்றாள். புகைவிட்ட காலத்தில் அதை யாரும் அழகு என்று சொன்னதில்லை. லெபிளான்-லாஃபோன் நூற்பாலையில் இப்போது கணினி நிறுவனங்கள். ரயில் எஞ்சின் செய்த ஃபீவ் பட்டறையில் உணவுக்கூடம். உலகத் தொழிலாளர் கீதத்துக்கு 1888-ல் ஒரு தொழிலாளி மெட்டுப்போட்ட ஊரில், சாப்பாட்டுக்கு ஒழுங்காக வரிசையில் நிற்கிறோம்.

ரூபே குளம் 2001 முதல் அருங்காட்சியகம். நடுவே ஒரு பட்டை அளவுக்குத் தண்ணீரை விட்டுவைத்து, இரு கரையிலும் சிலைகளை நிறுத்தியிருக்கிறார்கள். அவ்வப்போது பிள்ளைகள் குதித்துக் கும்மாளமிடும் சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் ஒரு பிள்ளையும் இல்லை, ஒலிப்பதிவு. மொத்-போசு பஞ்சாலையில் 1993 முதல் தொழிலுலகத்தின் தேசிய ஆவணக் காப்பகம். நூல் அறாமலிருக்க ஆலைக்குள் காற்றை ஈரமாக வைத்து ஆட்களைப் புழுங்கவிட்ட காலம் போய், காகிதம் கெடாமலிருக்க ஈரத்தை விரட்டுகிறார்கள். தொழிலாளிக்குக் கிடைக்காத காற்று தொழிலாளியைப் பற்றிய காகிதத்துக்குக் கிடைத்துவிட்டது.

இந்தப் பராமரிப்பில் எல்லாமே வந்துவிட்டது, இருமலைத் தவிர. காசநோய் தின்ற மில் தொழிலாளர்களைப் பார்த்துக்கொண்டே, லீல் பாஸ்தர் நிறுவனத்தில் கால்மெத்தும் கெரேனும் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியதுதான் பி.சி.ஜி. தடுப்பூசி. 1921-ல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. அதன் தழும்பு என் தோளிலும் இருக்கிறது. கட்டணமில்லாமல் பார்க்கக்கூடிய லீல் நினைவுச்சின்னம் அது ஒன்றுதான்.

இரவுச் சாப்பாட்டின்போது அவள் கேட்டாள்: "நம்ம புதுச்சேரி ரோடியர் மில் என்னாச்சு, அத்தான்?"

"2020-ல மூடிட்டாங்க."

அவள் முகம் மலர்ந்தது. "அருமையான மியூசியம் ஆகுமே!"

"அதுக்கு நாளாகும்மா" என்றேன். "அங்க வேலை பார்த்தவங்க இன்னும் உயிரோட இருக்காங்க."