டாக்டர் இப்போதுதான் வெளியே போனார்

ஜவுளிக் கடைக்கு மேல்மாடியிலோ, பேரங்காடியில் ஐஸ்கிரீம் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவிலோ, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குளிர்காற்றும் வாசனைத் திரவியமும் கமழ வீற்றிருக்கும் சௌந்தர்ய ஆலோசகர் என்னும் மகானுபாவரைத் தரிசியாதவர் இன்றைய சென்னையில் சொற்பமே. அவர் அணிந்திருக்கும் வெள்ளைக் கோட்டைக் கண்டு அவரை வைத்தியர் என்று நாம் அனுமானித்துக்கொள்கிறோம். தாம் வைத்தியர் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நாம் ‘டாக்டர்’ என்று அழைத்தபோது மறுத்ததும் இல்லை. சத்தியத்தின் வரப்பின்மேல் இத்தனை லாவகமாக நடக்கும் வித்தையை அவர் இரண்டு நாள் பயிற்சி முகாமில் கற்றிருப்பாராயின், முகாமுக்குக் கட்டிய கட்டணம் விரயமாகவில்லை என்றே சொல்லவேண்டும்.

இந்த அழகு நிலையத்துக்கு அசல் டாக்டர் ஒருவரும் உண்டு. அவருடைய பெயர் சுவரில் சட்டமிடப்பட்டுத் தொங்குகிறது. அவரைப் பார்க்கலாமா என்று யார், எந்த வேளையில் வினவினாலும், “இப்பத்தான் மேடம் வெளிய போனாரு” என்ற பதில் உடனே வருமாதலால், அந்தப் புண்ணியவான் நிரந்தரமாகப் படியிறங்கிக்கொண்டே இருக்கிறாரோ என்று எனக்கொரு சந்தேகம்.

2 முதல் 8 டிகிரிக்குள் பாதுகாக்கவேண்டிய, முகச்சுருக்கம் போக்கும் பாட்டுலினம் ஊசிமருந்துக் குப்பியும் ஆலோசகருடைய தயிர்சாதமும் ஒரே குளிர்பெட்டியில் ஒற்றுமையாக வாசம் செய்கின்றன. கன்னத்தையும் உதட்டையும் உப்பவைக்கும் ஃபில்லர் ஊசி தவறிப்போய் ரத்தக்குழாய்க்குள் புகுந்துவிட்டால், அந்த இடத்துச் சதை அழுகலாம். மூக்கையும் புருவமத்தியையும் சுற்றிய நாளங்கள் கண்ணுக்குச் செல்லும் நாளங்களோடு உறவுடையவையாதலால் பார்வையே பறிபோகலாம். அந்த ஃபில்லர் ஹையலூரோனிக் அமிலத்தால் ஆனதாயின், அதைக் கரைக்கும் ஹையலூரோனிடேஸ் என்ற மாற்றுமருந்து கையெட்டும் தூரத்தில் இருந்தாகவேண்டும். நம்மவர் கையெட்டும் தூரத்தில் இருப்பதோ கடன் அட்டை தேய்க்கும் இயந்திரம். முகம் வீங்கியபடி திரும்பி வருகிறவர்களுக்கு, “நாளைக்கு செட்டில் ஆயிடும்மா” என்ற ஒரே மருந்தைத்தான் அவர் கொடுக்கிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 1997-இலேயே சட்டம் பிறந்துவிட்டது; அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2018-இல்தான் வந்து சேர்ந்தன. இடைப்பட்ட அந்த நீண்ட நித்திரைக் காலத்தில், 2016-இல், சலூன் உரிமம் மட்டுமே வைத்திருந்த சென்னை நிலையம் ஒன்றில் முடிநடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கே இந்தக் கதி நேர்ந்ததை ஆலோசகரிடம் எடுத்துரைத்தால், அவர் சற்றும் கலங்காமல், “அது முடி சார், நாம பண்றது ஸ்கின்” என்பார். பயிலரங்கில் உட்கார்ந்து பார்ப்பதும் யூடியூபில் பார்ப்பதும் இத்தகைய சிகிச்சைகளைத் தொடங்கப் போதிய பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தெரிவித்த வழிகாட்டுதலும் முடிநடவையொட்டி வெளியானதே. ஆகையால் அதையும் அவர் முடியோடு முடிந்த விஷயமாகவே பாவிக்கிறார்.

ஆயினும் பழி முழுவதையும் அவர் தலையில் கட்டுவது தர்மமாகாது. ஒருநாள் நான் அங்கே உட்கார்ந்திருக்கையில், கல்யாணப் பெண்ணும் தாயாரும் பெரியப்பாவுமாக ஒரு குடும்பம் வந்தது.

“முகூர்த்தத்துக்கு இருபது நாள்தான் இருக்கு. உதடு கொஞ்சம் எடுப்பா வேணும்” என்றார் தாயார்.

“பண்ணிடலாம்மா. பிரைடல் பேக்கேஜ் எடுத்துக்கோங்க. மாப்பிள்ளைக்கு ஃபேஷியல் ஃப்ரீ.”

பட்டுப்புடவைக்குப் பேரம் பேசும் அதே தேஜஸோடு தாயார் பேசிப்பேசி விலையைப் பாதியாக்கிய பின்னர், அதுவரை மௌனமாயிருந்த பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “டாக்டரோட ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் என்ன தம்பி?” என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆலோசகரோ புன்னகை மாறாமல் பில் புத்தகத்தைத் திருப்பி, அதன் தலைப்பில் அச்சாகியிருந்த பதினைந்து எழுத்து எண்ணைப் பவ்யமாகக் காட்டினார். பெரியப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, “இது ஜி.எஸ்.டி. நம்பராச்சே!” என்றார்.

தாயார் துணுக்குற்றார்.

“ஜி.எஸ்.டி.யா? அது வேற தனியா போடுவீங்களா? பில்லே வேண்டாம்னா எவ்வளவு குறைப்பீங்க?”