கணக்கு மாமாவின் துப்பாக்கிப் படலம்

ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் அவருக்கு இரண்டு பெயர். வருமான வரியில் சந்தேகம் உள்ளவர்கள் ‘கணக்கு மாமா’ என்பார்கள். சின்னப் பையன்கள் கொஞ்சம் பயத்தோடு ‘துப்பாக்கி மாமா’ என்பார்கள். நவல்பட்டுப் பக்கத்துப் படைக்கலத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். 1966-இல் நிறுவப்பட்ட அந்த இடத்தைத் திருச்சியில் யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. துப்பாக்கி ஃபேக்டரி, அவ்வளவுதான். அங்கே வேலை பார்த்தவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு குறி பார்ப்பார் என்று வீதியில் ஒரு நம்பிக்கை. மாமா அதைக் கலைக்க முயன்றதில்லை. உண்மையில் அவர் இருந்தது கணக்குப் பிரிவில். முப்பத்தொரு வருஷத்தில் அவர் கையாண்ட ஆயுதங்களில் கூர்மையானது குண்டூசி, ஆபத்தானது ஸ்டேப்ளர்.

மாசி மாதம் ஒரு காலை அந்த நம்பிக்கைக்குச் சோதனை வந்தது.

மொட்டை மாடியில் மாமி இரண்டு படி ஜவ்வரிசி வடாம் பிழிந்து வைத்திருந்தாள். கீழே இறங்கிக் காபி கலந்து மேலே போவதற்குள் வேட்டி மட்டும் இருந்தது. வேட்டியின் மேல் பதினோரு குரங்குகள் இருந்தன. அதில் மூத்தது ஒன்று, காதில் லேசாகக் கிழிசல் உள்ளது, கடைசி வடாமை மாமியைப் பார்த்துக்கொண்டே தின்றது. வெந்த பதம் சரியா என்று யோசிப்பதுபோல் இருந்ததாம் அதன் முகம்.

“ஏன்னா, முப்பத்தொரு வருஷம் துப்பாக்கி ஆபீஸ்ல இருந்தேளே, சின்னதா ஒரு துப்பாக்கி வாங்கத் தெரியாதோ?”

மாமாவுக்குத் துப்பாக்கி தெரியாது. ஆனால் கொள்முதல் தெரியும். பழைய டைரியை எடுத்துக் கோடு போட்டார். பொருள்: சிறு துளைத் துப்பாக்கி, 1 எண். நோக்கம்: வடாம் பாதுகாப்பு. நிபந்தனை: எடை குறைவு, சத்தம் குறைவு, விலை மிகக் குறைவு. மூன்று விலைப்புள்ளி வாங்க வேண்டும், அதில் குறைந்தது எதுவோ அது ‘எல்-ஒன்’, அதற்கே ஆர்டர். அரசாங்க உத்தியோகம் அவருக்குக் கற்றுத் தந்த ஒரே போர்முறை அது.

முதல் விலைப்புள்ளி டெக்ஸாஸிலிருந்து வந்தது. மாமியின் தம்பி பிள்ளை அங்கே இருக்கிறான். பயிரைக் கெடுக்கும் சின்னப் பிராணிகளை அங்கே ‘வார்மின்ட்’ என்பார்களாம். அதற்கென்றே துப்பாக்கி, தோட்டா, தனிச் சந்தை எல்லாம் உண்டாம். 1930-இல் வந்த .22 ஹார்னெட், 1964-இல் வந்த .223 ரெமிங்டன், 2002-இல் வந்த .17 எச்எம்ஆர் என்று பட்டியல் அனுப்பினான். மாமா .223-க்கு ராணுவத்தில் மில்லிமீட்டர் கணக்கில் என்ன பெயர் என்று தேடிப் பார்த்துத் திடுக்கிட்டார். 5.56! நம் ராணுவத்தின் இன்சாஸ் துப்பாக்கிக்கும் அதே அளவு. திருச்சியிலும் தயாரான துப்பாக்கி. எந்த அளவுக்காக அவர் வருஷக்கணக்கில் பேரேட்டில் பச்சை மை டிக் போட்டாரோ, ஏறக்குறைய அதே தோட்டாவை அமெரிக்கக் குடியானவன் ‘பிரெய்ரி நாய்’ மேல் செலவழிக்கிறான்.

“நாயையா சுடறா?” என்றாள் மாமி.

“பேர்தான் நாய். அணில் சாதியாம்.”

“அணிலா? ராமர் முதுகுல தடவிக் குடுத்த அணிலா?”

மாமா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “இதுக்குக் கோடு இல்லை.” அமெரிக்காவுக்கு அந்த மட்டில் மன்னிப்புக் கிடைத்தது. ஆனாலும் இந்தியாவில் ராணுவ அளவுத் துப்பாக்கிகள் பொதுமக்களுக்குக் கிடையாது. முதல் பத்தி அடிக்கப்பட்டது.

இதற்குள் விஷயம் வீதிக்குப் பரவிவிட்டது. பாலிடெக்னிக் படிக்கும் அடுத்த வீட்டுப் பையன் ஓடி வந்து, “மாமா, உங்க ஃபேக்டரில வித்வம்சக்னு ஒண்ணு செய்யறாளே, ஆயிரத்து எண்ணூறு மீட்டர் போகுமாம், அதைக் கேளுங்கோ!” என்றான். அது கவச வண்டியைத் துளைக்கிற 12.7 மில்லிமீட்டர் ரகம், எடை இருபத்தைந்து கிலோ. அதாவது ஒரு சிப்பம் பொன்னி அரிசி. அரிசிச் சிப்பத்தையே மாமா ஆள் வைத்துத்தான் மாடி ஏற்றுகிறார்.

இரண்டாவது விலைப்புள்ளி .22. 1887-இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டு வந்த .22 லாங் ரைஃபிள் தோட்டா உலகத்திலேயே மலிவான, சாதுவான தோட்டா என்று பெயர் வாங்கியது. நம் நாட்டில் இஷாப்பூர் தொழிற்சாலை இந்த அளவில் விளையாட்டுத் துப்பாக்கி செய்திருக்கிறது. குண்டின் எடை இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். மூன்று குண்டு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு பவுன் தேறும். மாமா மனசில் அது எல்-ஒன் ஆகிக்கொண்டே இருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. இந்தச் சாதுவான குண்டு தப்பினால் ஒன்றரை மைல் வரை போகும்.

டைரியோடு மாடிக்குப் போய் நான்கு திசையும் பார்த்தார். தெற்கே 236 அடி ராஜகோபுரம். பல நூற்றாண்டு அரைகுறையாக நின்று 1987-இல் கும்பாபிஷேகம் கண்டது. சுற்றிலும் மற்ற கோபுரங்கள், மொத்தம் இருபத்தொன்று. அந்தப் பக்கம் காவிரி, இந்தப் பக்கம் கொள்ளிடம். ஒன்றரை மைலுக்குள் குறி தப்பினால் படக்கூடாத இடம் எது என்று எண்ணத் தொடங்கி, படலாம் என்கிற இடம் ஒன்றுகூட இல்லை என்று முடித்தார். சரித்திரமும் கைகொடுக்கவில்லை. 1752-இல் ழாக் லா என்ற பிரெஞ்சுத் தளபதி துப்பாக்கி, பீரங்கி, பட்டாளத்தோடு இதே தீவில் உட்கார்ந்திருந்தார். ஜூன் மாதம் லாரன்ஸிடமும் கிளைவிடமும் அத்தனையையும் ஒப்படைத்துவிட்டுச் சரணடைந்தார். மாமா அதை அபசகுனமாக எடுத்துக்கொண்டார்.

எதிர்வீட்டு வக்கீல் மீதியையும் முடித்து வைத்தார். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் .22 துப்பாக்கி வருவது அங்கீகாரம் பெற்ற சுடும் சங்க உறுப்பினரின் இலக்குப் பயிற்சிக்கு. பயிரைக் காக்க என்று சட்டம் சொல்வது வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. “வடாம் பயிர்ல சேருமா?” என்று மாமா கேட்டார். வக்கீல் கொஞ்சம் யோசித்ததே மாமாவுக்கு ஆறுதலாக இருந்தது.

சுடும் சங்கம் திருச்சியிலேயே இருக்கிறது. 2022 ஜூலையில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு நடிகர் அஜித் வந்து பதக்கங்கள் வாங்கிய இடம். குறி பார்க்க வந்தவர்களைவிட அஜித்தைப் பார்க்க வந்த கூட்டம் பல மடங்கு. மாமா விசாரித்த வரையில், பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். கேட்டு மலைத்துப் போய், பிறகு தெளிந்தார். புள்ளி எத்தனை சின்னதானாலும் ஓரிடத்தில் நிற்கிறது. அது வடாமைத் தின்றுவிட்டு இலுப்பை மரத்துக்குத் தாவுவதில்லை.

ஆக மூன்றாவது: ஏர்கன்.

இதில் மாமா கொஞ்சம் உற்சாகமானார். 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூலுக்கும் மிகாத ஏர்கனுக்கு லைசென்ஸ் வேண்டாம். அதற்கு முன் 1962-லிருந்து இருந்த பரிசோதனை இன்னும் சுவாரஸ்யம்: ஒரு அடிச் சதுரம், ஓர் அங்குல கனமுள்ள மரப்பலகையை வைத்து ஐந்தடி தூரத்திலிருந்து சுட வேண்டும், துளைத்து மறுபக்கம் வந்தால் ஆயுதம், வராவிட்டால் ஏர்கன். ஒரு காலத்தில் நம் நாட்டில் பேர் பெற்ற ஏர்கன் ‘ஐ.எச்.பி.’, செய்தது இந்தியன் ஹ்யூம் பைப் கம்பெனி. 1926-இல் ஆரம்பித்த, சாக்கடைக்கும் குடிநீருக்கும் சிமெண்டுக் குழாய் வார்க்கிற அதே கம்பெனி. மாமிக்கு இது நம்பிக்கை தந்தது. “நம்மாத்து வாசல்ல போட்ட பைப் இன்னிக்கும் அடைச்சுக்கலையே.”

ஆனால் வக்கீல் விடவில்லை. துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது வேறு, அதை எதன் மேல் நீட்டலாம் என்பது வேறு. திருச்சிக்காரன் சுட நினைக்கக்கூடிய பிராணிகளை வரிசையாகச் சொல்லச் சொன்னார்.

நாட்டுக் குரங்கு? வனவிலங்குச் சட்டத்தில் 2022 திருத்தத்துக்குப் பிறகு முதல் அட்டவணை. புலி இருக்கும் அட்டவணை. மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷம் உள்ளே. மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு, “போறாததுக்குப் பெருமாளே அனுமந்த வாகனத்துல வர்றார்” என்றாள். மயில்? தேசியப் பறவை, அதே அட்டவணை; விராலிமலைக்காரர்கள் காதில் விழுந்தால் அட்டவணை வரைக்கும் போகவே வேண்டாம். காட்டுப்பன்றி? 2025 ஜனவரியில் அரசு அனுமதித்தது, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம் என்று. அதுவும் வனத்துறைக்காரர்தான் சுட வேண்டும். மேலும் அது வராக அவதாரம். எலி? சட்டம் இருக்கட்டும், மலைக்கோட்டை உச்சியில் உட்கார்ந்துகொண்டு அதன் சொந்தக்காரர் ஊரையே பார்க்கிறார். டெல்டா வயல்களில் எலிக்குத் துப்பாக்கியும் வேண்டாம். மூங்கில் வளைத்துக் கட்டும் தஞ்சாவூர் கிட்டி போதும்.

காக்கையில்தான் வக்கீல் நின்று பேசினார். 1972-ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று இருந்தது. அதில் இருந்தவற்றுக்குச் சட்டம் வைத்த பெயர் ‘வெர்மின்’, தீங்குயிர். எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவாலோடு சாதாரணக் காக்கையும் அதில். அதாவது ஐம்பது வருஷம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் அமாவாசை தோறும் ஊரே பிண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கா கா என்று கெஞ்சி, வராவிட்டால் அழுது கூப்பிட்டது யாரை? அட்டவணை ஐந்தை. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். பித்ருக்களுக்கு இப்போது வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை.

சிம்லாவில் 2016-இல் மத்திய அரசு செம்முகக் குரங்கைத் தீங்குயிர் என்றே அறிவித்தது. ஆனால் சுடுவதற்கு ஆள் அதிகம் வரவில்லை என்று வக்கீல் சொன்னபோது, மாமி டெல்லி சர்க்காரை விடச் சிம்லா ஜனங்கள் மேல் மரியாதை கொண்டாள்.

இத்தனைக்குப் பிறகும் மாமா திருச்சிக் கடை ஒன்றுக்குப் போனார். ஆரம்பித்த ஃபைலை முடிக்காமல் விடுவது அவர் வழக்கமில்லை.

“எதுக்கு சார்?” என்றார் கடைக்காரர்.

“குரங்கு.”

“குரங்கைச் சுடவா, குரங்கு பாக்கவா?”

மாமா வாழ்நாளில் இத்தனை கூர்மையான தணிக்கைக் கேள்வியைச் சந்தித்ததில்லை. பதில் சொல்லாமல் மாதிரித் துப்பாக்கியைக் கையில் வாங்கினார். குழலை நடுவில் மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கும், பிறகு குண்டு போட வேண்டும். மாமா மடக்கினார். குழல் பாதி மடங்கியது, மாமா முழுதாக மடங்கினார். முதுகில் ‘டக்’ என்று ஒரு சத்தம். கடையில் அன்றைக்குக் கேட்ட ஒரே வெடிச்சத்தம் அதுதான்.

கடைக்காரர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, மெதுவாகச் சொன்னார்: “சுடன்னா நான் விக்கறதில்லை சார். பாக்கறதுக்குன்னா எதுக்கு ஆயிரக்கணக்குல செலவு? பெரிய கடை வீதில பொம்மைத் துப்பாக்கி இருக்கு. குரங்குக்கு ஜூல் எல்லாம் தெரியாது.”

பொம்மைத் துப்பாக்கி நூற்றெண்பது ரூபாய். கறுப்பு பிளாஸ்டிக், எடை இல்லை, சத்தம் இல்லை. மூன்று நிபந்தனையும் பொருந்தியது. டைரியில் எல்-ஒன் என்று எழுதி வட்டமிட்டார்.

வேலை செய்தது! முதல் நாள் மாமா மாடிப்படி முனையில் நின்று தோளில் வைத்ததுமே பதினோரு பேரும் பறந்தார்கள். வீதிப் பையன்கள் கைதட்டினார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காது கிழிந்தவர் மட்டும் போகாமல் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து, இது எப்போது வெடிக்கும் என்று காத்திருந்தார்.

அன்று சாயங்காலம் ராஜகோபுர வாசலில் மாமி ஊசி வாங்கும்போது, பாசிமணி விற்கும் கிழவியிடம் இந்தக் கதையைச் சொன்னாள். அவள் தேவராயநேரிக் குடியிருப்பைச் சேர்ந்தவள். அவளுடைய அப்பா நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர். அவள் சிரித்தாள். “துப்பாக்கிய உடு சாமி. அதுங்களுக்கு யாரு சோறு போடறது?”

மாமி பதில் சொல்லாமல் ஊசிக்குப் பணம் கொடுத்தாள். அவளுக்குச் சனிக்கிழமை ஆஞ்சநேயர் விரதம். நைவேத்தியம் ஆனதும் ஒரு சீப்புப் பூவன் பழத்தை மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வைப்பது இருபது வருஷ வழக்கம். சனிக்கிழமை விருந்து, ஞாயிறு முதல் வெள்ளி வரை யுத்தம் என்கிற ஏற்பாடு குரங்குகளுக்குத் தெரிவிக்கப்படவில்லை.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. மாமா முதுகுக்குத் தைலம் தடவிக்கொள்ளத் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தார். திரும்பினால் அது தொட்டி மேல் இருந்தது. காது கிழிந்தவர் அதைத் தலைகீழாகப் பிடித்து, குழல் முனையைக் கடித்துக்கொண்டு, மாமாவின் திசையிலேயே வைத்திருந்தார். கீழே வீதியில் யாரோ, “மாமா, உங்க டிபார்ட்மென்ட் ஆள்தான் போலிருக்கு” என்றார்கள். மாமா கைகளைத் தூக்கினாரா, தைலம் காய்வதற்காக விரித்தாரா என்பதில் வீதியில் இன்றும் இரு கட்சி.

இரவு டைரியில் முறைப்படி எழுதினார். துப்பாக்கி, பொம்மை, 1 எண், மதிப்பு ரூ. 180, இழப்பு, தள்ளுபடிக்குப் பரிந்துரை. மேலொப்பத்துக்கு மாமியிடம் நீட்டினார். “நாளைக்குப் பார்த்துண்டு போடறேன்” என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. மாமி பழத்தை வரிசையாக வைத்தாள். காது கிழிந்தவர் இறங்கி வந்தார். இரண்டு கையும் வேண்டியிருந்ததால் துப்பாக்கியைச் சுவர் மேல் வைத்தார். மாமி அதை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டு கீழே வந்து கணவரிடம் கொடுத்தாள். மாமா தள்ளுபடி வரியைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் திருத்தம் எழுதினார்: “1 எண் மீட்கப்பட்டது. குழல் முனையில் பல் தடம். மீட்புச் செலவு: பூவன் பழம் ஆறு. அனுமதி பெறாத செலவு, விளக்கம் தேவை.”

மாமி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். விளக்கம் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு, வடாமுக்கு ஜவ்வரிசி ஊறவைக்கப் போனாள்.